படத்தில் கோள் எங்கே இருக்கிறது?

பட்டர்வொர்த் அக்கா:
படிவம் ஐந்து படிக்கும் என் மகன் எச்.எல். டாரி விண்மீனின் வளையப் படத்தைக் காட்டி, "கறுப்பு இடைவெளியில் கோள் இருக்கும்மா" என்கிறான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படிச் சொல்கிறார்கள்?

ஆயர் ஈத்தாம் தொலைநோக்கி:
அக்கா, அதில் கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. 2014இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பு எடுத்த படம் அது. சுமார் 450 ஒளியாண்டு தொலைவு. விண்மீனைச் சுற்றியுள்ள தூசு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்துவிடும். மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள ரேடியோ அலையில் பார்த்தால் அந்தத் தூசே ஒளிரும். கோள் சுற்றும் பாதையில் தூசு விலகி இடைவெளி விழலாம். ஆல்மாவின் 66 அலைவாங்கிகளும் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் இந்த அலைகளை விழுங்கிவிடும். நம் பினாங்குக் காற்றில் வைத்தால் வேலைக்கு ஆகாது!

பட்டர்வொர்த் அக்கா:
சரி, இடைவெளி இருந்தாலே கோள்தானா?

ஆயர் ஈத்தாம் தொலைநோக்கி:
இல்லை, வாதமே அங்கேதான். காந்தப்புலத்தாலும் வளையம் உருவாகலாம். வளையத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவின் வேகத்தை டாப்ளர் முறையில் அளக்கிறார்கள்; அதாவது, வாயு நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் அலைநீளம் மாறுவதை வைத்து. ஓரிடத்தில் வாயுவின் ஓட்டம் கோணினால் கோள் மேல் சந்தேகம் வலுக்கும். எனக்கு இந்த முறையில்தான் நம்பிக்கை அதிகம். பி.டி.எஸ். 70 என்ற வேறொரு விண்மீனில் கோளே நேரடியாகப் படத்தில் சிக்கிவிட்டது. 2018இல் அகச்சிவப்புப் படம் வெளியானது. மகனிடம் அதைக் காட்டுங்கள்.

ஜார்ஜ்டவுன் தம்பி:
அக்கா, டிசம்பர் இரவில் பாடாங் கோத்தாவில் நின்று ரோகிணியைத் தேடுங்கள். எச்.எல். டாரி அதன் பக்கத்தில்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மழை விட்டால் போங்கள்.