குறைந்த விலை எல்இடி டிவி: வாங்கிப் பார்க்கிறவர்கள் சொல்வது

துறையூர், பள்ளி ஆசிரியை

பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 32 இன்ச் டிவியைப் பற்றி விசாரித்தால், "அதெல்லாம் ரெண்டு வருஷம்கூட வராது" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வாங்கிய புதிதில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிற அளவுக்கு மனசு விட்டுப்போயிற்று. என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டு டிவி எப்படி என்று நீங்களும் சொல்லுங்கள். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

இது அப்பா அம்மாவுக்காக வாங்கியது. அதுவரை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 2006-இல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் அரசு கொடுத்த 14 இன்ச் பெட்டி. புது டிவியைச் சுவரில் மாட்டிச் செய்தி சேனலைப் போட்டதும் அப்பா, "பழசுல இதைவிடத் தெளிவா இருந்துச்சும்மா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். செய்தி வாசிப்பவரின் முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் அகலமாகத் தெரிந்தது. கீழே ஓடும் எழுத்துகளின் ஓரமெல்லாம் கலங்கல். சட்டைகளின் சிவப்பு கண்ணைக் குத்தியது.

டிவியில் குறை இல்லை. கேபிள் செட்டாப் பாக்ஸ் பழையது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி வயரில் இணைத்திருந்தார்கள். அந்த வழியாக வருவது 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட சாதாரணப் படம். 14 இன்ச் பிக்சர் டியூபில் அது கச்சிதமாகத் தெரியும். 1366-க்கு 768 புள்ளிகள் உள்ள 32 இன்ச் திரையில் அதையே விரித்துப் போட்டால் கலங்கத்தான் செய்யும். போதாததற்கு, சதுரமான படத்தை அகலத் திரை முழுக்க நிரப்பும்படி டிவியில் அமைப்பு இருந்தது. கேபிள்காரரிடம் சொல்லி ஹெச்டி பாக்ஸ் மாற்றி, ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தோம். டிவி மெனுவில் படத்தின் அளவைச் சரிசெய்து, 'விவிட்' என்று இருந்ததை 'ஸ்டாண்டர்ட்' ஆக்கி, ஷார்ப்னஸைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அதே டிவிதான், படம் கண்ணுக்கு இதமாக மாறிவிட்டது. அப்பா இப்போது கண்ணாடி போடாமலே ஓடும் எழுத்தை வாசிக்கிறார்.

குறைந்த விலை டிவி வாங்கியவர்கள் பலரும் "படம் சரியில்லை" என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது, பாக்ஸிலிருந்து எந்த வயரில் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான். சத்தம் மட்டும் எனக்கு இன்னும் திருப்தியில்லை. ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால், மின்விசிறி ஓடும் அறையில் வசனம் அமுங்கிப்போகிறது. ஒரு சின்ன சவுண்ட் பார் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

திருநெல்வேலி, தனியார் நிறுவன ஊழியர்

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் பங்குக்கு ஸ்மார்ட் விஷயத்தைச் சொல்கிறேன்.

நண்பர்களோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். எங்களுடையதும் 32 இன்ச், 1 ஜிபி ராம், 8 ஜிபி ஸ்டோரேஜ். அந்த 8 ஜிபியில் பெரும்பகுதியை டிவியின் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். முதல் சில மாதம் ஜம்மென்று ஓடியது. அப்புறம் ஆப்கள் அப்டேட் ஆக ஆக, யூடியூபைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம் என்கிற நிலை. ரிமோட்டை அமுக்கினால் திரை யோசித்து யோசித்து நகரும். டிவியையே மாற்றலாம் என்று ஒருவன் சொன்னான், தேவையே இல்லை. ஹெச்டிஎம்ஐ-யில் செருகும், யூடியூப் போன்ற ஆப்களைத் தானே ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்கிப் போட்டோம். இப்போது டிவி வெறும் திரை, வேலையெல்லாம் ஸ்டிக் பார்க்கிறது. திரை நல்லதாக இருந்தால் போதும், ஸ்மார்ட் பழசானாலும் டிவி பழசாகாது.

இன்னொன்று. விளம்பரத்தில் "4கே சப்போர்ட்" என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்றுதான் பல மாடல்களில் அதற்கு அர்த்தம். விவரப் பட்டியலில் 'ரெசல்யூஷன்' என்ற வரியைப் பாருங்கள். 3840-க்கு 2160 என்று இருந்தால்தான் அது 4கே திரை. 1366-க்கு 768 என்று இருந்தால் ஹெச்டி ரெடி, அவ்வளவுதான். 32 இன்ச்சுக்கு அது போதும். 43 இன்ச்சில் போதாது, கிட்டத்தில் உட்கார்ந்தால் புள்ளி தெரியும்.

கும்பகோணம், டிவி மெக்கானிக்

மாதம் முழுக்க இந்த டிவிகளைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும் குறைந்த விலை டிவிகளில் அதிகம் பார்ப்பது ஒரே ஒரு கோளாறு: சத்தம் வரும், படம் வராது. டிவி போய்விட்டது, பேனல் காலி என்று நினைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துக் காட்டுவேன். உள்ளே மங்கலாக சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகத்தில் வரும் நிம்மதியை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட்தான் போயிருக்கிறது. எல்இடி டிவி என்று சொல்கிறோமே, படத்தைக் காட்டுவது எல்சிடி பேனல்தான். எல்இடி இருப்பது அதற்குப் பின்னால், வெளிச்சத்துக்கு மட்டும்.

டிவியைப் பிரிக்கும்போது மெத்தையில் குப்புறப் படுக்கவைத்துப் பின்மூடியைக் கழற்றுவேன். பிறகு பேனலை இரண்டு பேராகப் பிடித்து மெதுவாகத் தூக்க வேண்டும், ஒரு மூலை வளைந்தாலும் கண்ணாடி விரிந்துவிடும். அதற்கு அடியில் பால் நிறத்தில் தாள்கள், அதற்கும் கீழே வெள்ளை ரிஃப்ளெக்டர், அதன் துளைகளில் சின்னக் குமிழ் மாதிரி லென்ஸ்கள். ஒவ்வொரு லென்ஸுக்கு அடியிலும் மிளகு அளவு எல்இடி ஒன்று. இந்த எல்இடிகளைப் பதித்த நீளப் பட்டைகளை ஸ்ட்ரிப் என்போம், 32 இன்ச்சில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்றுதான் இருக்கும். எல்லா எல்இடியும் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால், ஒன்று அறுந்தால் மொத்தமும் அணைந்துவிடும். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஒரு எல்இடியின் நடுவில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். சில டிவிகளில் ஆன் செய்ததும் ஓரிரு விநாடி வெளிச்சம் வந்து அணையும். அங்கே எல்இடி ஷார்ட் ஆகியிருக்கும், எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தை நிறுத்திவிடுகிறது.

காரணம் சூடு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பேக்லைட்டை உச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள். வீட்டிலும் அப்படியே நாள் முழுக்க ஓடினால் எல்இடி சீக்கிரம் சாகும். எனவே டிவி வாங்கிய அன்றைக்கே மெனுவில் 'பேக்லைட்' என்று இருப்பதை 50, 60-க்கு இறக்கி வையுங்கள். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது வேறு. அது படத்தின் இருட்டுப் பகுதியைத்தான் மாற்றும், எல்இடிக்குப் போகும் கரண்டைக் குறைக்காது. முதல் தடவை ஆன் செய்யும்போது கடையா வீடா என்று கேட்டால் வீடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது செலவே இல்லாத வேலை, டிவியின் ஆயுளைக் கூட்டும்.

ஸ்ட்ரிப் மாற்றக் கொடுக்கும்போது போன எல்இடியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். மற்றவையும் அதே சூட்டில் அதே காலம் ஓடியவை, அடுத்தடுத்துப் போகும். முழு செட்டையும் மாற்றுவதுதான் கட்டுப்படியாகும். அலுமினிய ஸ்ட்ரிப் கிடைத்தால் நல்லது, சூட்டை வெளியேற்றும். நான் அதோடு டிரைவர் பகுதியில் ரெசிஸ்டரை மாற்றிக் கரண்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பேன். வெளிச்சம் சற்றுக் குறையும், ஆனால் டிவி அதே கோளாறோடு சீக்கிரம் திரும்பி வராது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் மாடல் நம்பரைச் சொன்னால் ஸ்ட்ரிப் கிடைக்கும். எங்களைப் போன்ற ஊர்களில் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், ஆதலால் "இன்னிக்கே வேணும்" என்று மெக்கானிக்கை நெருக்காதீர்கள்.

பேனல் போனால் மட்டும் நான் ரிப்பேரே பார்ப்பதில்லை, உள்ளதைச் சொல்லி அனுப்பிவிடுவேன். டிவி விலையில் பெரும்பங்கு பேனல்தான். பேனல் போவதற்குப் பாதிக் காரணம் துடைப்பது. ஸ்பிரேயைத் திரைமேல் நேராக அடிப்பார்கள், சொட்டு வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பல பேனல்களில் அங்கேதான் படத்துக்கான சிக்னலைக் கொண்டுபோகும் மெல்லிய ரிப்பன் வயர்கள் ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் அரித்துச் செங்குத்தாகக் கோடு விழும். மெல்லிய துணியால் உலர்ந்தபடி துடைத்தாலே போதும்.

தேனி மாவட்டம், ஏலக்காய்த் தோட்ட மேற்பார்வையாளர்

எங்கள் பக்கம் இடி அதிகம். ஐப்பசி மழையில் பக்கத்து லைன் வீடுகளில் ஒரே ராத்திரி பல டிவிகள் போயின. எல்லாருமே பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தார்கள். டிஷ் ஆன்டெனா வயரைக் கழற்றவில்லை. மின்னல் அந்த வழியாக பாக்ஸுக்கு வந்து, ஹெச்டிஎம்ஐ வழியாக மதர் போர்டைத் தாக்கிவிட்டது. ஆகவே வானம் கறுக்கும்போதே, இடி தொடங்கும் முன் இரண்டையும் கழற்றுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தாலும் இந்த வழியை அது காக்காது. நல்லவேளை, இந்த டிவிகளுக்கு யுனிவர்சல் போர்டு கிடைக்கிறது, மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். ஸ்மார்ட் போய்ச் சாதா டிவி ஆனது, ஆனாலும் படம் தெரிகிறது.

கரூர், ஜவுளி ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர்

என்னுடையது 43 இன்ச். 32 இன்ச் வரை உள்ள டிவிகளுக்கு 2019 ஜனவரி 1-லேயே ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 28 ஆகவே இருந்து, 2025 செப்டம்பர் 22-இல்தான் 18 ஆனது. அதற்காகவே காத்திருந்து தீபாவளிக்கு முன் வாங்கினேன். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்வோம் என்பதால், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காத ஐபிஎஸ் பேனலாகத் தேடிப் பிடித்தேன். விஏ என்ற இன்னொரு வகைப் பேனல்களில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் மங்கும். கடையில் பார்க்கும்போது நேராக நிற்காமல் பக்கவாட்டில் நடந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

பொங்கல் நேரத்தில் திரையின் வலப்பக்கம் பச்சைக் கோடு விழுந்தது. வாரண்டி இருக்கிறது, தைரியமாகப் புகார் கொடுத்தேன். எங்கள் ஊரில் அந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டரே இல்லை, வேறு ஊரிலிருந்துதான் ஆள் வர வேண்டும். வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "வெளியில அடிபட்டிருக்கு, வாரண்டி வராது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். திரையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உழைத்துச் சேர்த்த காசில் வாங்குகிறவனிடம் இப்படி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது அநியாயம்.

பெட்டியைப் பிரித்தபோதும் மாட்டியபோதும் எடுத்த வீடியோ என்னிடம் இருந்தது. கோடு விழுந்த திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் அருகில் வைத்து இன்னொரு வீடியோ எடுத்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, பில்லையும் வீடியோவையும் இணைத்தேன். அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து மரியாதையாகப் பேசினார்கள், வேறு ஆள் வந்து பேனலை மாற்றினார். அப்படியும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இது தெரிந்திருந்தால் பேசும்போது குரல் தளராது.

வாங்கும்முன் கம்பெனி இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் ரூபாய் கூடினாலும் சர்வீஸ் உள்ளதை வாங்குங்கள் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

துறையூர், பள்ளி ஆசிரியை

கும்பகோணம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அப்பாவுக்கு போன் செய்து பேக்லைட்டைப் பார்க்கச் சொன்னேன். 100-இல் இருந்ததாம். 55 வைத்தாயிற்று, பகலிலும் நன்றாகவே தெரிகிறது என்கிறார். இன்னொரு சந்தேகம். அடுத்த மாதம் அவர்கள் வீடு மாறுகிறார்கள். டிவியை மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைத்துச் சின்ன யானை வண்டியில் அனுப்பலாமா?

கும்பகோணம், டிவி மெக்கானிக்

வேண்டாம்மா. படுக்கவைத்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பேனல் நடுவில் தாங்கல் இல்லாமல் வளையும், வீடு மாறும்போது விரிசல் விட்டு வரும் டிவிகளில் பாதி இப்படி வந்தவைதான். வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் இருந்தால் அதிலேயே வைத்து நிறுத்தியபடி அனுப்புங்கள். இல்லையென்றால் திரைப்பக்கம் கெட்டி அட்டையை வைத்துப் போர்வை சுற்றி, பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே செங்குத்தாகச் சொருகிக் கயிறு கட்டச் சொல்லுங்கள், கயிறு திரையை அழுத்தக் கூடாது. ஸ்டாண்டு காலைக் கழற்றி, ஸ்க்ரூவை ஒரு கவரில் போட்டு டிவியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். சுவர் பிராக்கெட்டையும் மறக்காமல் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.