ரிலே வால்யூம் கன்ட்ரோலில் எழும் ‘டப்’ ஓசை: உங்கள் அனுபவம் என்ன?

ஒலியை 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் எனக் குறைக்கும் ஆறு ரிலேக்களை (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளை) கொண்டு வீட்டிலேயே ஒரு வால்யூம் கன்ட்ரோல் அமைத்தேன். ஒலி மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் குமிழைத் திருப்பும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து வரும் ரிலேயின் ‘டிக்’ வேறு. அது எனக்குப் பிடித்தமான ஓசையும்கூட.

முதலில் உள்ளீட்டைக் கிரவுண்டுடன் (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்புடன்) சேர்த்து, பாட்டு ஏதும் இல்லாமல் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் ஓசை வந்ததால், சிக்கல் பாட்டில் இல்லை என்பது உறுதியாயிற்று. கடைசி ரிலே ஒரு முனையை விட்டு மறுமுனையைத் தொடும் ஓரிரு மில்லிவினாடியில், அடுத்துள்ள என்இ5532 ஆப்-ஆம்ப்பின் (சைகையைப் பெருக்கும் சில்லின்) உள்ளீடு எதனுடனும் இணையாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதன் உள்ளீட்டு மின்னோட்டம் வழக்கமாக 200 நானோஆம்பியர் அளவில் இருக்கும். போக வழியில்லாத அந்த மின்னோட்டம், அங்குள்ள சில பத்து பிக்கோஃபாரட் கொள்ளளவை நிரப்பி, மின்னழுத்தத்தைச் சில வோல்ட் வரை ஏற்றிவிடக்கூடும். அதே சாக்கெட்டில், இரண்டு லட்சம் பிக்கோஆம்பியருக்குப் (200 நானோஆம்பியர்) பதில் சில பத்து பிக்கோஆம்பியரே கேட்கும் டிஎல்072 என்ற வேறொரு ஆப்-ஆம்ப்பை மாட்டியதும் அந்த ஓசை அடங்கியது.

பாட்டு ஓடும்போது மட்டும், அதுவும் குறைப்பு 31 டெசிபலிலிருந்து 32-க்கு மாறும் படியில், ஒரு வெடிப்பு மிஞ்சியது. அங்கே ஐந்து ரிலேக்கள் விடுபட, ஆறாவது பிடிக்க வேண்டும். ஐந்தும் முந்திக்கொண்டால் ஒரு கணம் முழு ஒலியும் ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஆகவே, ஒலியைக் குறைக்கும் ரிலேயை முதலில் இயக்கி, 5 மில்லிவினாடி பொறுத்து, பிறகே மற்றவற்றை விடுவிக்குமாறு, ரிலேக்களை இயக்கும் நிரலை மாற்றினேன். இப்போது அந்த இடத்தில் ஒலி கணநேரம் தாழ்கிறதே தவிர, வெடிப்பதில்லை. ஸ்பீக்கரின் நலனுக்கு இந்த வரிசைமுறை கட்டாயம் என்பது என் கருத்து.

மற்றோர் உறுப்பினர்:

நல்ல விளக்கம், ஐயா. என் பெட்டியில் ஆப்-ஆம்ப்பை மாற்றியும் ஓசை போகவில்லை. ரிலேயை இயக்கும் 5 வோல்ட், 140 மில்லிவாட் காயில் (கம்பிச்சுருள்) ஒன்றுக்கு 28 மில்லிஆம்பியர் வேண்டும். ஆறும் சேர்ந்தால் 168. அவ்வளவும் ஆடியோ கிரவுண்டு வயர் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. காயில்களின் கிரவுண்டை மின்வழங்கி வரை தனி வயரில் கொண்டுசென்று, ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வைத்ததும் சரியாயிற்று. டயோடு வைத்தால் ரிலே விடுபடச் சற்றுத் தாமதமாகும் என்பதால், நிரலில் காத்திருப்பு நேரத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்வது நல்லது.