லேத் விளக்கை மாற்றிய பிறகு, ஓடுகிற சக் ஓய்ந்து நிற்பதுபோல் தெரிகிறது. என்ன செய்யலாம்?

குளச்சல் கடைசல்காரன்:

குளச்சலில் சிறிய கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகுகளின் ப்ரொப்பெல்லர் தண்டு, புஷ், பம்பு ஸ்லீவ் இவைதான் பெரும்பாலும் வேலை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பது எல்லோருக்கும் தெரியும். படகுகள் கரையேறும் அந்த இரண்டு மாதத்தில்தான் எங்களுக்கு வேலை குவியும். மழை மூட்டம் வேறு. பகல் இரண்டு மணிக்கே டூல் முனை கண்ணுக்குத் தெரியாது. அதனால் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், இருக்கும் விளக்கு எனக்கு இன்னொரு கை மாதிரி.

லேத் அப்பா வாங்கியது. அதிலேயே ஒரு டிரான்ஸ்பார்மரும், வளைத்து நிறுத்தும் கழுத்து வைத்த 24 வோல்ட் விளக்கும் உண்டு. இத்தனை ஆண்டுகளும் 60 வாட் குண்டு பல்ப்தான் போட்டுவந்தோம். இப்போது 24 வோல்ட்டில் அந்த பல்ப் கேட்டால் கடையில் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார்கள். சரி, எல்.இ.டி.க்கு மாறலாம் என்று 24 வோல்ட் டி.சி. விளக்கு ஒன்றை வாங்கினேன். மின்சாரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் டயோடும், அதைச் சீராக்கும் கண்டென்சரும் சேர்த்து மாட்டினேன். அருமையான வெளிச்சம். ஒன்பதாவது நாள் இரவு கருகிய வாடை வந்து அணைந்துவிட்டது. இன்னொன்று வாங்கிப் போட்டேன், அது ஆறு நாள் தாங்கியது.

வேலை நிற்கக் கூடாது என்று, சுவரில் ஒரு தாங்கி அடித்து வீட்டு உபயோக 230 வோல்ட் எல்.இ.டி. பல்பை, வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் சக்கின் மேல் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததால்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை, மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக்கில் பித்தளை புஷ் ஒன்றுக்கு எமரித் தாள் பிடித்துக்கொண்டிருந்தேன். வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குச் சற்றுக் குறைவு. வெளியே படகின் அடிப்பலகைக்கு கிரைண்டர் ஓடுகிறது, லேத் சத்தமே கேட்கவில்லை. நான் அளவுக்கருவி எடுக்கத் திரும்பினேன். என் மருமகன், அக்காள் மகன், பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு சக்கைத் துடைக்கக் கையை நீட்டிவிட்டான். முழங்கையைப் பிடித்து இழுத்தேன். “நீங்கள் ஆஃப் செய்துவிட்டீர்கள், ஓய்ந்து சுற்றுகிறது என்றல்லவா நினைத்தேன்” என்றான். அவன் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். உண்மையாகவே ஆறு ஜாக்கள் மங்கலாகத் தெரிந்து, பின்பக்கமாக மெல்ல நகர்கின்றன. இருப்பதோ மூன்றுதான்.

விளக்கு ஏன் எரிந்துபோகிறது? இந்தக் காட்சி ஏன் வருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வயர்மேன்:

அண்ணே, முதலில் அந்த 230 வோல்ட் பல்பை இன்றே கழற்றிவிடுங்கள். கூலன்ட் தெறிக்கிற, சீவல் பறக்கிற இடத்தில் கைக்கெட்டும் உயரத்தில் 230 வோல்ட் தொங்கக் கூடாது. லேத் செய்தவர்கள் தனி டிரான்ஸ்பார்மர் வைத்து 24 வோல்ட் கொடுத்தது அதற்காகத்தான்.

எல்.இ.டி. எரிந்ததற்குக் காரணம் விளக்கு அல்ல, கணக்கு. டிரான்ஸ்பார்மரில் வருவது 24 வோல்ட் ஏ.சி. பிரிட்ஜும் கண்டென்சரும் போட்டால் அது உச்ச அளவுக்கு ஏறிவிடும். 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 34. டயோடுகளில் ஒன்றரை வோல்ட் போனாலும் 32-க்கு மேல் நிற்கும். அதுவும் 60 வாட் பல்புக்காகச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 10 வாட் எல்.இ.டி. மாட்டினால், சுமை குறைந்து வோல்ட் இன்னும் ஏறும். 24 வோல்ட் விளக்குக்கு 35 வோல்ட் கொடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

இயந்திரப் பெட்டிக்கு, 230 வோல்ட் எடுக்கத் தேவையான நியூட்ரல் கம்பி வந்தால், 230 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட் டி.சி. தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. பல பழைய லேத்துகளுக்கு மூன்று பேஸ் மட்டும்தான் வரும். அப்படியானால் பழைய டிரான்ஸ்பார்மரையே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்குப் பின் வோல்ட்டைக் குறைக்கும் சிறிய பக் கன்வர்ட்டர் பலகை போட்டு, மீட்டர் வைத்து 24-க்குத் திருகி நிறுத்துங்கள். அந்தப் பலகை 50 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். கண்டென்சர் 2200 மைக்ரோபாரட், 63 வோல்ட். 35 வோல்ட் என்று எழுதியதைப் போடாதீர்கள். லேத்தின் உடம்பு எர்த் ஆகியிருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

கோட்டாறு பழைய பிட்டர்:

தம்பி, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். அவன்மேல் குற்றமில்லை. அவன் கண் சொன்னதை அவன் நம்பினான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. பல்ப் அதனால் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பளிச்சிடும். கண் அதைப் பிரித்துப் பார்க்காது. சக் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு பளிச்சு. ஒரு பளிச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் சக் அறுபது பாகை திரும்பியிருக்கும். மூன்று ஜா ஆறாகத் தெரிந்து அப்படியே நிற்கும். நீங்கள் 1000-க்குச் சற்றுக் குறைவாக ஓட்டினீர்கள், அதனால் பின்னோக்கி நகர்ந்தது. 960-ல் ஓட்டினால் வினாடிக்கு முக்கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் போகிற மாதிரி இருக்கும். நின்றுகொண்டிருக்கிற இயந்திரமாகத் தெரிந்தாலாவது சந்தேகம் வரும். ஓய்ந்து சுற்றுவதுபோல் தெரிவதுதான் மிக மோசம், அது எல்லோரும் தினமும் பார்க்கிற காட்சி.

குண்டு பல்பில் இது ஏன் இல்லை என்றால், இழை சூடாகவே இருப்பதால் நடுவில் அவ்வளவாக மங்காது. 24 வோல்ட் பல்பின் இழை 230 வோல்ட் பல்பைவிடத் தடிமன். அதிர்வையும் தாங்கும், மினுக்கமும் குறைவு. சோக் வைத்த டியூப் லைட் வந்த காலத்தில் இதே தொல்லை இருந்தது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் அடுத்தடுத்த டியூப்களை மூன்று வெவ்வேறு பேஸில் கொடுத்திருந்தார்கள். ஒன்று மங்கும்போது மற்றது எரியும்.

வயர்மேன் தம்பி சொன்னபடி சீரான டி.சி. கொடுத்தால் இது போய்விடும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் ஒரு பென்சிலைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். விசிறிபோல் தொடர்ச்சியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கை இயந்திரத்துக்கு வைக்கக் கூடாது.

சின்னமுட்டம் போட் வயரிங்:

உப்புக் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடலோரத்தில் சாதாரணச் செம்புக் கம்பி உறைக்குள்ளேயே களிம்பு ஏறிவிடும். படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய கம்பியை வாங்குங்கள். பிரிட்ஜ், பலகை எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள், விளக்குத் தலைக்குள் திணிக்காதீர்கள்.

குளச்சல் கடைசல்காரன்:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது.

பழைய விளக்கைக் கழற்றியபோதுதான் எவ்வளவு நாள் அபாயத்தோடு வேலை செய்திருக்கிறோம் என்று தெரிந்தது. கழுத்துக்குள் இருந்த கம்பியை இழுத்தேன். ரப்பர் உறை முறுக்குபோல் நொறுங்கிக் கையில் கொட்டியது. உள்ளே செம்பு பச்சையாக இருந்தது. கழுத்து வளைகிற இடத்தில் ஒரு விரல்கடை நீளத்துக்கு உறையே இல்லை, கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஓடியது 230 வோல்ட்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் அந்தக் கம்பியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெட்டியில் நியூட்ரல் இல்லை. அதனால் பழைய டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், கண்டென்சர், பக் கன்வர்ட்டர் என்ற வழிதான். கண்டென்சர் முனையில் மீட்டர் 36 காட்டியது. வயர்மேன் தம்பி சொன்ன கணக்கு அப்படியே. வெளியே 24-க்குத் திருகி வைத்தேன். டின் பூசிய கம்பி, கழுத்துக்குள் போகும் இடத்தில் ரப்பர் வளையம்.

விளக்கு இருக்கும் இடத்தையும் மாற்றினேன். முன்பு நேர் மேலிருந்து அடித்ததால் பளபளப்பான தண்டில் கண் கூசும், டூல் முனை நிழலில் போகும். இப்போது இடது பக்கம் தாழ்வாக, சாய்த்து வைத்திருக்கிறேன். வெட்டு விழும் கோடு கம்பி மாதிரி தெரிகிறது. டயல் எண்களைக் குனியாமல் படிக்க முடிகிறது.

இரவு பட்டறை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மருமகனையே பென்சில் ஆட்டச் சொன்னேன். விசிறிதான். பிறகு அதே வேகத்தில் சக்கை ஓட்டி, அவனை அதே இடத்தில் நிற்கவைத்தேன். “ஜா ஒன்றுமே தெரியவில்லை மாமா, வெறும் சாம்பல் வட்டம்” என்றான்.

பழைய 24 வோல்ட் ஹோல்டரும் அலுமினிய மூடியும் நல்ல நிலையில் இருக்கின்றன. யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.