பொருள்: ‘ஆண்மைக்குறைவு’க்கு மாற்றுச்சொல், வெள்ளிக்கு முன்

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
எல்லோருக்கும் வணக்கம். நீரிழிவுக் கிளினிக்குக்கு வரும் ஆண்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேணும். உள்ளடக்கம் முடிந்தது, தலைப்பில் நிற்கிறேன். ‘ஆண்மைக்குறைவு’ என்று போட மனம் வரவில்லை. கிளினிக் வாங்கிலில் நாலு பேருக்கு நடுவில் இருக்கிற மனுசன் அந்தத் தலைப்புள்ள தாளைக் கையில் எடுப்பாரா? ‘மலட்டுத்தன்மை’ வேறு விசயம், பிள்ளைப்பேற்றைப் பற்றியது. ‘விறைப்புக் குறைபாடு’ போதுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:
பிள்ளை, ஆண்மையை விட்டது சரி. வள்ளுவர் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்றார், ‘பேராண்மை என்ப தறுகண்’ என்றும் சொன்னார். ஓரிடத்தில் அடக்கம், ஓரிடத்தில் வீரம். இரண்டிலும் அது குணத்தின் பெயர்.

விறைப்புக்கு வல்லின றகரம் கவனம். ரகரம் விழுந்தால் விரை, அதாவது விதை. பேச்சு வேறு உறுப்புக்குப் போய்விடும். விறை, விறல், விறுவிறுப்பு மூன்றுக்கும் ஒரே வேர் என்பது என் துணிபு. காய்ந்து விறைத்த மரம்தானே விறகும். ஆனாலும் நான் ‘எழுச்சி’ என்பேன். எழுதல் தன்வினை, தானாக நிகழ்வது. கையைத் தூக்குவதுபோல் நினைத்தவுடன் நிகழ்த்த முடியாத ஒன்றுக்கு அதுவே பொருந்தும்.

மருத்துவர், மானிப்பாய்:
சேர், தன்வினை என்றது உடலியலுக்கும் பொருத்தம். என் இடைஞ்சல் விறைப்போடுதான். எங்கள் ஊரில் விறைப்பு என்றால் உணர்ச்சி அறுதல். நீரிழிவுக்காரர் வந்ததும் சொல்வது ‘டொக்டர், கால் ரெண்டும் விறைக்குது’. பல்லுப் பிடுங்க முதல் போடுவது விறைப்பூசி. ஒரு ஐயாவிடம் ‘விறைப்புக் குறைவோ?’ என்று கேட்டேன். ‘ஓம், இப்ப சுகம், செருப்புக் கழன்றால் தெரியுது’ என்றார். அவர் பாதத்தைச் சொன்னார். எனக்கு வேண்டிய பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பதில் சின்ன விசயமில்லை. குறிக்குக் குருதி கொண்டுபோகும் நாடியின் விட்டம் 1 - 2 மி.மீ., இதயத்தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடி 3 - 4 மி.மீ. ஒரே கொழுப்புப் படிவுதான், ஆனால் ஒடுக்கமான குழாயில் முந்தித் தெரியும். நெஞ்சுநோவுக்குச் சில வருடம் முன்பே விறைப்புக் குறைபாடு வரலாம். நீரிழிவு நரம்பையும் கெடுக்கும். புகை, பிரஷர், சில பிரஷர்க் குளிசைகள், மனச்சோர்வுக் குளிசைகள், ஓமோன் குறைவு, புரொஸ்டேட் சத்திரசிகிச்சை, மனப்பதற்றம் எல்லாம் காரணமாகலாம். விடியப்புறம் வழமைபோல் விறைத்திருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, மனதைப் பார்க்கவேணும்.

சென்னை உறுப்பினர்:
எங்கள் பக்கம் உணர்வு போவது மரத்துப்போதல், அதனால் இந்தக் குழப்பமே இல்லை. ‘விறைப்புத்தன்மைக் குறைபாடு’ இங்கே இதழ்களில் பழகிவிட்டது. இரு கரைக்கும் ஒரே சொல் இருந்தால் பிள்ளைகள் தேடிப் படிக்க வசதி.

தமிழாசிரியர்:
ஒரே சொல் வேணும் என்பதற்காக, உங்கள் ‘ஆக்சிஜனு’க்கு நாங்கள் சொல்லும் ‘ஒட்சிசனை’ விட்டோமா? அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 1848இல் மருத்துவ வகுப்புத் தொடங்கி, பின்னர் தமிழிலேயே படிப்பித்த மண் இது.

ரொறன்ரோ உறுப்பினர்:
சேர், அதே கிறீன்தான் 1875இல் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தவர். மாணவனுக்கு விளங்குவதையே அவர் முன்னால் வைத்தார். இன்னொன்று: ஆங்கிலத்தின் பழைய சொல்லான ‘இம்பொட்டன்ஸ்’ என்பதிலும் ‘வலுவற்றவன்’ என்ற வசை ஒட்டியிருந்தது. 1992இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு அதைக் கைவிடச் சொன்னது. பெயர் ஆளைத் தொடக்கூடாது, தொழிற்பாட்டைச் சொல்லவேணும்.

மொழிபெயர்ப்பாளர்:
எழுச்சி என்றால் இங்கே மார்கழித் திருப்பள்ளியெழுச்சி, இல்லாவிட்டால் எழுச்சிப் பாடல். நோயை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் ஒரு ஆண் தாதியைக் கொண்டு கிளினிக்கில் கேட்பித்தேன். வாய்திறந்தவர்கள் எல்லோரும் ‘எழும்புதில்லை’ என்றுதான் சொன்னார்களாம்.

மருத்துவர்:
அப்ப அதை முதல் வரியில் போடுங்கோ, அக்கா. கடைசியில் இதையும் சேருங்கோ: நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைக்கிறவர், விறைப்புக்கான சில்டெனாபில் (வயாகரா) குளிசையைக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக விழும்.

மொழிபெயர்ப்பாளர்:
விடிய அச்சகம். நால்வர் விறைப்புக்குக் கை தூக்கியதால் தலைப்பு ‘ஆண்குறி விறைப்புக் குறைபாடு’. முதல் வரி: ‘உறவு நேரம் குறி எழும்பாமல் விடுவது, எழும்பினாலும் நிலைக்காமல் விடுவது. கால் விறைப்பு வேறு.’ எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
விளக்கத்தில் ‘எழும்பாமல்’ என்று நீரே எழுதியிருக்கிறீர், பிள்ளை. உள்ளே வந்த சொல் தலைப்பில் ஏன் வரக்கூடாது? அடுத்த பதிப்புக்கு என் மறுப்பைப் பதிந்து வையும்.