ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறினேன், அக்கா மெசேஜ் மட்டும் வரல – உதவி தேவை

மழைத்துளி:
வணக்கம். ஐபோனில் இருந்த சிம்மை ஆண்ட்ராய்டு போனில் போட்டிருக்கேன். கால் வருது, ஓடிபி வருது. ஐபோன் வச்சிருக்கிற அக்கா அனுப்புறது மட்டும் வர்றதே இல்ல. நான் அனுப்பினா அவங்களுக்குப் போகுது. அவங்க போனில் நீலக் குமிழுக்குக் கீழே 'டெலிவர்டு'ன்னு காட்டுதாம். நான் பதிலே போடுறதில்லைன்னு ரொம்ப வருத்தப்படுறாங்க. சிம் மாத்தணுமா?

கம்பித்தடம்:
சிம் நல்லாத்தான் இருக்கு, மாத்தாதீங்க. நீலக் குமிழ்னா அது எஸ்எம்எஸ் இல்ல, ஆப்பிள் கருவிகளுக்குள்ள மட்டும் இணையம் வழியா போகும் ஐமெசேஜ். உங்க நம்பர் அதில் இன்னும் பதிவில் இருக்கு. 'டெலிவர்டு'ன்னு வர்றதால உங்க கணக்கில் வேற ஏதோ ஒரு கருவி அதை வாங்கிக்குது. ஐபேட், மேக் இருந்தா திறந்து பாருங்க.

பழைய போன் கையில் இருந்தா சிம்மை அதில் திரும்பப் போட்டு, செட்டிங்ஸில் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைச்சிடுங்க. இல்லைன்னா ஆப்பிள் தளத்தில் 'டீரெஜிஸ்டர் ஐமெசேஜ்' பக்கம் இருக்கு, 2014-லிருந்தே உண்டு. நம்பரைக் கொடுத்தா எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்கக் குறியீடு வரும், அதை அங்கே போடுங்க.

மழைத்துளி:
போனைக் கொடுத்தாச்சு. ஆனா ஐபேடில் அக்கா மெசேஜ் அத்தனையும் இருக்கு! "ஊசி போட்டாச்சா, காய்ச்சல் விட்டுச்சா"ன்னு கேட்டிருக்காங்க, பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. தளத்தில் நம்பரை நீக்கிட்டேன், இப்போ எனக்கு வருது, அக்கா போனில் பச்சைக் குமிழா (எஸ்எம்எஸ்ஸா) காட்டுதாம். குடும்ப குரூப்பில் மட்டும் இன்னும் எதுவும் வரல. அக்கா அனுப்பின வீடியோவும் ஒரே மங்கல்.

கம்பித்தடம்:
அந்த குரூப் ஐமெசேஜாகவே தொடங்கினது. அக்காவை அதை விட்டுட்டுப் புதுசா ஒண்ணு தொடங்கச் சொல்லுங்க, பழையதோட போராட வேண்டாம்.

வீடியோ எம்எம்எஸ்ஸாக, அதாவது படம், வீடியோ அனுப்புற பழைய முறையில் வந்திருக்கு. அதுக்கு அளவு வரம்பு ரொம்பச் சின்னது, போன் அதுக்குள்ள அமுக்கித்தான் அனுப்பும். 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 முதல் ஐபோனிலும் ஆர்சிஎஸ் உண்டு, அதாவது எஸ்எம்எஸ், எம்எம்எஸ்ஸுக்குப் பதிலா வந்த புது மெசேஜ் முறை. ரெண்டு பேரும் ஆன் பண்ணுங்க, ரெண்டு பேர் நெட்வொர்க்கும் ஆதரிக்கணும். ஆதரிச்சா வீடியோ தெளிவா வரும்.

எழுத்தாணி:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஆர்சிஎஸ் கிடைக்காம எஸ்எம்எஸ்ஸாகவே போனா, தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிதான், ஆங்கிலத்துக்கு 160. கொம்பு, கால், புள்ளியெல்லாம் தனித்தனிக் குறியாத்தான் கணக்கு. நீளமா எழுதினா ரெண்டு மூணு எஸ்எம்எஸ்ஸாக் கழியும், திட்டத்தில் எத்தனை மிச்சம்னு பார்த்துக்கோங்க.