சின்னாறு ஆற்றோரக் காட்டில் நடந்தவர்கள் சொல்லுங்கள்

அமராவதிக்கரை:

உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில் ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனால் சின்னாறு பாலம் வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். பெரும்பாலானவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, செக்போஸ்ட்டில் விவரம் சொல்லிவிட்டு அப்படியே மறையூருக்கு ஏறிவிடுகிறார்கள். மூணாறுதான் பச்சை, இது காய்ந்த காடு, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த ஆற்றங்கரையில் இறங்கி நடந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

காய்ந்த காடு என்பது உண்மைதான். மழைமறைவுப் பகுதி. மூணாற்றில் கொட்டித் தீர்க்கிற மழை இந்தச் சரிவுக்கு வந்து சேர்வதில்லை; ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான். மலைச்சரிவு முழுக்க உசிலை, வேலம், கள்ளி. ஆனால் ஆனைமுடிப் பக்கமிருந்து வருகிற பாம்பாறும், இரண்டு மாநிலத்துக்கும் எல்லையாக ஓடுகிற சின்னாறும் இந்த முள்காட்டுக்கு நடுவே ஒரு பச்சைக் கரை போட்டு வைத்திருக்கின்றன. நீர்மருது, புங்கன், நாவல், காட்டு மா என்று வானத்தை மறைக்கிற மரங்கள். பத்தடி இந்தப் பக்கம் வெயில் கொளுத்தும், பத்தடி அந்தப் பக்கம் ஈர மண் வாசம் வரும். இரண்டு ஆறும் கூட்டாற்றில் சேர்ந்து அமராவதி அணைக்கு வருகின்றன. தாராபுரமும் கரூரும் நனைவது இந்தத் தண்ணீரில்தான்.

இந்தப் பச்சைக் கரையை நம்பித்தான் நரை அணில் இருக்கிறது. சாம்பல் மலையணில் என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்காகவே 1988-இல் சரணாலயம் அறிவித்தார்கள். சின்னாறு இதன் இன்னொரு முக்கியமான வீடு.

தை மாதக் காலையில் போயிருந்தோம். கூட வந்தவர் முதுவர் இனத்துப் பெரியவர். மரத்தை அண்ணாந்தே பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்று காலால் சருகை லேசாக ஒதுக்கினார். புங்கங்காயின் உடைந்த ஓடுகள், உள்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. அப்போதுதான் விழுந்தவை. "இங்கனயே இருக்குது, அசையாம நில்லுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலிருந்து இன்னொரு ஓடு என் தோளில் விழுந்தது.

கிளையில் பின்னங்கால்களை மட்டும் ஊன்றி, உடம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, முன்னங்கால்கள் இரண்டாலும் காயைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. வாலைப் பார்த்தால் உடம்பு நீளத்துக்குக் குறையாது. அதில் வெள்ளை மயிர் தூவினாற்போல இருந்தது. மூக்கு இளஞ்சிவப்பு. எங்களைப் பார்த்துவிட்டது, ஆனாலும் தின்பதை நிறுத்தவில்லை. காய் முடிந்ததும் அடுத்த மரத்துக்கு ஒரே தாவல். பெரியவர் அப்போது காட்டினார்: அந்தக் கவையில் ஒன்று, அதற்கப்பால் ஒன்று என்று குச்சியும் இலையுமாக உருண்டைக் கூடுகள். ஒரே அணில் பல கூடு கட்டி வைக்குமாம். எல்லாமே மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருக்கிற இடங்கள். கீழே இறங்காமல் மேலேயே பயணம் போகிற பிராணி அது. நடுவில் நாலு மரத்தை வெட்டிவிட்டால் அதன் பாதை அத்தோடு அறுந்துவிடும். இந்தக் கரை மரங்களைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை வந்தது அந்தக் காலையில்தான்.

சரி, உங்கள் முறை.

*

திருப்பூர் நடையாளர்:

அண்ணா, நாங்கள் போனபோது அணில் கிடைக்கவில்லை. மந்திக் கூட்டம் கிடைத்தது. மேலே சாம்பல் மந்திகள் தின்று கொண்டும் கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டும் இருந்தன. கீழே புள்ளிமான்கள் விழுகிற தழைக்காகவே காத்து நின்றன. என் மகனுக்குப் பெரிய ஆச்சரியம். திடீரென்று மேலே இருந்த ஒரு மந்தி இருமுவது போல ஒரு குரல் கொடுத்தது. அடுத்த நொடி மான்கள் அத்தனையும் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தன. முன்னங்காலால் தரையைத் தட்டின. வழிகாட்டி எங்களை நெருக்கி நிற்கச் சொன்னார். சிறுத்தையாகத்தான் இருக்கும் என்றார். நாங்கள் எதையும் பார்க்கவில்லை. திரும்பும்போது மணலில் கால்தடம் மட்டும் இருந்தது, நகக்குறி இல்லாத வட்டமான தடம். மகன் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

*

மலைப்பாதை ஆசிரியை:

நான் எழுதுவது தூவானம் பக்கம் நடந்தது. தூவானம் தெரியாதவர்களுக்கு: பாம்பாறு காட்டுக்குள் அருவியாக விழுகிற இடம். மறையூர்ச் சாலையிலிருந்தே தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆலம்பெட்டிப் பக்கமிருந்து வழிகாட்டியோடு இறங்கி நடக்கலாம்.

பள்ளி விடுமுறையில் நாங்கள் பெண்கள் மட்டுமாகப் போனோம். முன்னால் ஒரு முதுவர் அண்ணன், பின்னால் இன்னொருவர். முன்னால் போனவர் நடக்கும்போதே குனிந்து ஒரு பிடி புழுதியை எடுத்து விரலிடுக்கில் விட்டுவிட்டுப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறாராம். முதலில் எங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை.

ஆற்றுக்கு இறங்குகிற வளைவுக்கு முன்னால் புது யானை லத்தி கிடந்தது. அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் கேட்டது. தூரத்தில் இடி உருளுகிற மாதிரி, ஆனால் வானத்திலிருந்து வராத ஒரு சத்தம். யானை வயிற்றுக்குள்ளிருந்தும் தொண்டையிலிருந்தும் வருகிற சத்தமாம் அது. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வது. பார்க்காமலே அவர் சொன்னார், "குட்டி இருக்குதுங்கம்மா."

காற்று எங்கள் பக்கமிருந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாடை அவற்றுக்குப் போய்விடும். அதனால் வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பி, பாறைமேட்டைச் சுற்றி எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார். முள்ளில் துணியெல்லாம் கிழிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேட்டில் மல்லாந்த பாறை ஒன்றின் பின்னால் உட்காரவைத்தார். கீழே ஆறு.

ஏழெட்டு யானைகள். ஓரமாக ஒரு பெரிய பெண் யானை மணலில் முன்னங்காலால் குழி பறித்துக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி ஆறு ஓடுகிறது, அப்புறம் எதற்குக் குழி என்று ஜாடையில் கேட்டேன். ஆறு கலங்கியிருந்தால் இப்படி ஊற்றுத் தோண்டி மணல் வடிகட்டின தண்ணீரைத்தான் குடிக்கும் என்று காதோரம் சொன்னார். காலால் பறிப்பது, தும்பிக்கையால் மணலை அள்ளி ஓரம் வீசுவது, பிறகு காத்திருப்பது. குழியில் ஊறும்வரை அது வேறு வேலைக்குப் போகவில்லை. ஊறியதும் முதலில் கொஞ்சம் உறிஞ்சி வெளியே துப்பியது. அதற்குப் பிறகுதான் குடித்தது. அது நகர்ந்ததும் குட்டி வந்து அதே குழியில் வாயை வைத்தே குடித்தது, தும்பிக்கையை என்ன செய்வதென்று அதற்கு இன்னும் பழகவில்லை.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. அவை போன பிறகும் அவர் எங்களை எழுந்திருக்க விடவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தனியாக ஒன்று வரலாம் என்றார். வந்தது. ஒரு கொம்பன், அவசரமே இல்லாமல், நாங்கள் முதலில் நின்ற அதே வளைவு வழியாக.

இந்த வழிகாட்டிகள் ஆதிவாசிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். முதுவர்கள், மலைப்புலையர்கள் என்று இந்தக் காட்டுக்குள்ளேயே பதினோரு குடியிருப்புகள் இருக்கின்றன. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது தினப்பாடு. தமிழ் பேசினால் போதும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள். கேரள வனத்துறை இவர்களை வைத்து நடத்துகிற நடைப்பயணம்தான் இந்தக் காட்டில் நியாயமான ஒரே வழி என்பது என் கருத்து. காசு மிச்சம் பிடிக்க யாரோ ஊர்க்காரரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காதீர்கள்.

*

பெயர் வேண்டாம்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அப்பா அம்மாவைக் கூட்டிப்போக நினைக்கிறேன். அப்பாவுக்கு 65 வயது, முழங்கால் வலி உண்டு. எந்த மாதம் போகலாம்? பைக்கில் வரலாமா?

*

அமராவதிக்கரை:

தம்பி, அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் தூவானம் வேண்டாம், இறக்கமும் ஏற்றமும் அதிகம். ஆற்றோரமாகவே போகிற சின்ன நடை இருக்கிறது, செக்போஸ்ட்டில் சொல்லிக் கேளுங்கள். அணிலும் மந்தியும் அந்த வழியில்தான்.

பைக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடை ஏற ஏற மலையில் தண்ணீர் வற்றி, யானைக் கூட்டங்கள் அமராவதி அணையைத் தேடி இறங்கும். உடுமலை–மூணாறு சாலையைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். குட்டியோடு வரும்போது ரோட்டில் நிற்கிற பைக்கும் அதில் இருந்து செல்ஃபி எடுக்கிறவனும் அதற்கு ஒரே இடைஞ்சல்தான். காரில் வாருங்கள், காலையிலேயே வாருங்கள், இருட்டுவதற்கு முன் காட்டைத் தாண்டிவிடுங்கள். யானை நின்றால் தள்ளியே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், அது போகும்வரை காத்திருங்கள். முன்னால் போகிற பஸ் டிரைவர் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், இந்தத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் பாடம்.

மாதம் என்றால், மழை முடிந்த மார்கழி, தை நடக்கச் சுகமாக இருக்கும். வெயில் காலத்தில் விலங்கு அதிகம் ஆற்றுக்கு வரும், ஆனால் காட்டுத்தீ பயத்தில் நடையை நிறுத்திவைப்பதும் உண்டு. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

*

பாறைச்சின்னான்:

பறவைக்காக வருகிறவர்கள் ஆற்றோரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் கரைக்கு இறங்குவது அரிது. முட்புதரும் பாறையும் கலந்த சரிவில்தான் தேடவேண்டும். தீபகற்பத் தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை, அங்கேயும் இப்படிப்பட்ட பாறைக்குன்றுகளில் மட்டும். சின்னாற்றில் அதைப் பார்த்தது வெயில் ஏறுவதற்கு முன், அத்திமரத்தில். தலையும் தொண்டையும் மஞ்சள், உடம்பு சாம்பல். குரல் மற்ற சின்னான்களைப் போலத்தான், முதலில் காதில் விழுந்தும் விட்டுவிடத் தோன்றும். நின்று கவனித்தால் கிடைக்கும்.

*

கல்லாபுரம் விவசாயி:

நான் நடைப்பயணம் போனவன் இல்லைங்க. அமராவதித் தண்ணீரில் வயல் செய்கிறவன். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஆற்றைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆறுகளிலும் அணையிலும் முதலை உண்டு. எங்கள் அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணையே இருக்கிறது. அடைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, முதலை எல்லாம் வேலிக்குள்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேல்காட்டில் மணல் திட்டில் படுத்து வெயில் காய்கிறதைக் கட்டை என்று நினைத்துப் பக்கத்தில் போகிறார்கள். மாடு மேய்க்கப் போகிற எங்கள் பெரியவர்கள் நாலு கல்லை எறிந்து பார்க்காமல் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. மேலே நீங்கள் போடுகிற பாட்டிலும் பாலித்தீனும் வெள்ளம் வரும்போது எங்கள் மடைக்குத்தான் வந்து அடைக்கிறது. நான் கையால் எடுத்துப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

*

திருப்பூர் நடையாளர்:

ஐயா சொன்னது மனதில் ஆழமாகப் பதிந்தது. அடுத்த முறை சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போகிறோம்.

*

பழனி வழிப்போக்கர்:

ரோட்டில் கட்ட ஆமை பார்த்தேன், நட்சத்திர ஆமை என்கிறார்களே அது. தூறல் போட்ட மறுநாள் காலை, சின்னாறு தாண்டி ஒரு வளைவில். ஓட்டில் ஒவ்வொரு கறுப்பு மேட்டிலும் மஞ்சள் கோடுகள் விரிந்திருந்தன. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ரோட்டு நடுவில் அசையாமல் இருந்தது. பின்னால் வந்த வண்டிக்காரர் இறங்கி, வீட்டில் வைத்தால் யோகம் என்று கையில் எடுத்துவிட்டார். எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் மனம் ஒப்பவில்லை. பேசிப் பேசி வாங்கி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் விட்டேன். செய்தது சரிதானா?

*

அமராவதிக்கரை:

ரொம்பச் சரி சார். போய்க்கொண்டிருந்த திசையிலேயே விட்டீர்களே, அதுதான் முறை. எதிர்ப்பக்கம் விட்டால் மறுபடி ரோட்டுக்கே வரும். வீட்டில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த யோகக் கதையை நம்பியும், வெளிநாட்டில் வளர்ப்புக்காகவும் இதை ஏராளமாகக் கடத்துகிறார்கள். அதனால்தான் 2019-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை நாடுகள் சேர்ந்து கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையில் இதன் சர்வதேச வணிகத்தையே தடை செய்கிற முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். கடத்தலில் பிடிபட்ட ஆமைகளைப் பழக்கித் திரும்பக் காட்டில் விட்டதும் இதே சின்னாற்றில்தான். இனிமேல் யாராவது கையில் எடுப்பதைப் பார்த்தால், தனியாக வாதாட வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த செக்போஸ்ட்டில் சொல்லுங்கள். ஒரே சாலைதான், இரண்டு முனையிலும் வனத்துறை இருக்கிறது.