கூண்டுக்குள் இறங்கி சுறா பார்ப்பது: போகலாமா, வேண்டாமா?

நிலாமதி:
ஆகஸ்டில் கேப்டவுன் போகிறோம். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் கன்ஸ்பாய். கூண்டுக்குள் இறங்கி வெள்ளைச் சுறா பார்க்க முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். எனக்குப் பயத்தைவிட நெருடல்தான் அதிகம். இரையைக் காட்டி வரவழைத்து வேடிக்கை பார்ப்பது சரியா? போனவர்களும் சொல்லுங்கள், போகக் கூடாது என்பவர்களும் சொல்லுங்கள்.

சுற்றுலாப்பித்தன்:
யோசிக்காமல் போய்வாருங்கள். நீச்சல்கூடத் தெரிய வேண்டாம், முதுகில் சிலிண்டரும் கிடையாது. படகின் பக்கவாட்டில் கட்டிய கூண்டு, அதன் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் நிற்பீர்கள். கயிற்றில் கட்டிய சூரை மீன் தலையை ஓர் ஆள் வீசி, கூண்டை ஒட்டி இழுப்பார். "டவுன்!" என்று மேலிருந்து குரல் வந்ததும் மூச்சை அடக்கி முங்க வேண்டியதுதான். தண்ணீர்தான் கொடுமை. வெட்சூட் என்கிற ரப்பர் உடை போட்டும் எனக்குப் பல் கிட்டியது.

ஒன்றைக் கவனியுங்கள். சுறாவுக்கு அந்த மீனைத் தின்னக் கொடுப்பதில்லை. வாய் வைப்பதற்குள் இழுத்துவிடுவார்கள்.

நெய்தல்வாசி:
பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை உருவுவது பெரிய புண்ணியமோ, பித்தரே? மீன் எண்ணெயும் அரைத்த மீனும் கலந்த கூழை மணிக்கணக்கில் கடலில் ஊற்றித்தானே அதை அழைக்கிறார்கள்? சீல் வேட்டைக்குப் போக வேண்டிய பிராணி படகைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் என்ன நடந்தது? 2016இல் இரையைத் துரத்திய சுறா ஆள் இருந்த கூண்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அவர் காயமில்லாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம். 2019இல் இன்னொரு சுறா கம்பிகளுக்கு நடுவே தலை மாட்டி, ரத்தம் கொட்டச் செத்தது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது, மாட்டினால் மாட்டியதுதான். 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு அங்கே இந்தச் சுற்றுலாவையே மூடிவிட்டது.

சுற்றுலாப்பித்தன்:
அது அகலமாக இடைவெளி விட்ட கூண்டின் கோளாறு. அதற்காகத் தொழிலையே மூடுவதா? கேப்டவுன் பக்கத்து ஃபால்ஸ் பேயில் ஆராய்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான சுறாக்கள் கொஞ்ச நேரத்தில் இரை மீது ஆர்வம் இழந்து போய்விட்டன. மனிதன் என்றால் சோறு என்று பழகிவிடும் என்பது கதை.

அப்புறம், வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா, 1991இல். செத்த சுறாவைவிட உயிருள்ள சுறாவால் அந்த ஊருக்கு வருமானம் என்பதால்தான் அந்தப் பாதுகாப்புக்கு இன்றும் உள்ளூரில் ஆதரவு இருக்கிறது.

நெய்தல்வாசி:
வசதியான ஆய்வை மட்டும் எடுக்கிறீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் படகு போகும் நாட்கள் கூடியபோது, சுறாக்கள் அங்கே தங்கும் காலமும் கூடியது. அதனால்தான் அரசு தலையிட்டுப் படகு நாட்களைக் குறைத்தது. பாதிப்பே இல்லை என்றால் எதற்குக் குறைக்க வேண்டும்?

நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் வழக்கே போட்டது யார் தெரியுமா? பாவா என்னும் கடற்சிப்பிக்கு மூழ்கித் தொழில் செய்பவர்கள். பயணி கம்பிக்குள் இருக்கிறார். கம்பி இல்லாமல் அதே கடலில் தினமும் இறங்குபவர்கள் இவர்கள். படகுகள் வந்த பிறகு சுறாவின் போக்கு மாறியது என்றார்கள். உள்ளூர்க்காரன் வயிற்றுப்பாடு உங்கள் வருமானக் கணக்கில் வராதோ?

சுற்றுலாப்பித்தன்:
அந்த வழக்கின் முடிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் கூண்டு முங்கல் குற்றமில்லை என்றுவிட்டது.

நெய்தல்வாசி:
குற்றமில்லை என்பதும் ஆபத்தில்லை என்பதும் ஒன்றா? நீதிபதி கடலில் இறங்கிப் பார்த்தா தீர்ப்பு எழுதினார்?

டர்பன் மாமா:
தம்பிகளா, இல்லாத சுறாவுக்காக இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள்.

2017இல் கன்ஸ்பாய் கரையில் வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. ஈரலை மட்டும் உருவி எடுத்த மாதிரி இருந்தது. வேலை செய்தது இரண்டு ஓர்கா திமிங்கிலங்கள். முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதற்கு வலப்பக்கம். அதனால் போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர், கப்பல்காரர் பாஷையில் இடப்பக்கம், வலப்பக்கம். 2023இல் மொசல் பேயில் ஸ்டார்போர்ட் தனியாகவே ஓர் இளம் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது. சீல்கள் அடைந்து கிடக்கும் டயர் தீவுப் பக்கம் முன்பு வெள்ளைச் சுறா சாதாரணமாகத் தெரியும். இப்போது பெரும்பாலும் வருவது ப்ரான்ஸ் வேலர் (bronze whaler) என்கிற செம்பு நிறச் சுறாதான்.

ஓர்கா மட்டும்தான் காரணமா என்று விஞ்ஞானிகளுக்குள் சண்டை. வெள்ளைச் சுறா தின்னும் சின்னச் சுறாக்களை நீளக் கயிற்றுத் தூண்டில்காரர்கள் வாரி எடுக்கிறார்கள். குளிக்க வருபவர்களைக் காப்பாற்ற எங்கள் டர்பன் கடலில் 1952 முதல் வலை போட்டிருக்கிறார்கள், அதில் மாட்டிச் சாவதும் உண்டு. நெய்தல்வாசி, உங்கள் கோபத்தில் பாதியை அந்தப் பக்கம் திருப்புங்கள். சுறா காணாமல்போனதை நாள்வாரியாகக் குறித்து வைத்தது நீங்கள் திட்டும் அதே சுற்றுலாப் படகுகள்தான்.

பித்தா, உனக்கும் ஒன்று. விளம்பரத்தில் இன்னும் வெள்ளைச் சுறா வாயைப் பிளந்த படத்தைப் போட்டுக் காசு வாங்குபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே, ஏன்?

சுற்றுலாப்பித்தன்:
அது ஏமாற்று வேலைதான் மாமா, மறுக்கவில்லை. ஆனால் செம்புச் சுறாவும் லேசுப்பட்டதில்லை. மூன்று மீட்டர் நீளம் வரும். சிலநேரம் கூட்டமாகவே கூண்டைச் சுற்றும்.

நிலாமதி:
எங்களுக்கு வந்த விளம்பரத்திலும் வெள்ளைச் சுறா படம்தான். "கட்டாயம் பார்க்கலாம்" என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

டர்பன் மாமா:
கட்டாயம் என்று சொன்னாலே அந்த ஆளை விட்டுவிடு அம்மா. போவதாக இருந்தால் மூன்று கேள்வி கேள். அரசு அனுமதி இருக்கிறதா, இந்த வாரம் என்ன சுறா வந்தது, எதுவும் வராவிட்டால் பணத்துக்கு என்ன வழி. ஆகஸ்டில் அலை முரட்டுத்தனமாக இருக்கும், வாந்தி மாத்திரையை மறக்காதே.

நெய்தல்வாசி:
கன்ஸ்பாய் போகிற வழியில் ஹெர்மானஸில் இறங்கிவிடுங்கள் நிலாமதி. ஆகஸ்டில் சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் குட்டி ஈனக் கரையோரம் வரும். பாறை மேல் நின்றே பார்க்கலாம். கூழ் ஊற்ற வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்.

சுற்றுலாப்பித்தன்:
திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு, கையோடு கன்ஸ்பாயும் போய்விடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நெய்தல்வாசி:
திருந்த மாட்டீர்கள்.